புரியவில்லை! யார் குற்றம்?

"எனக்குப் படிக்கத் தெரியல, சார்!"

சொன்னவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. சவ்வாது மலைச் சிற்றூரொன்றிலிருந்து இறங்கி வந்து, திருவண்ணாமலையில் விடுதியிலே தங்கிப் பயில்பவள். அவள் குடும்பத்திலே பள்ளிக்கூட வாயிற்படியை மிதித்த முதற்கால் அவளுடையது. கட்டுரை எழுதச் சொன்னால் கருத்து மணக்க எழுதுவாள். மேடையேற்றினால் மற்றவர் மலைக்கப் பேசுவாள். அந்தப் பெண்தான் கணிப்பொறியின் முன்னே அமர்ந்து, கண்கலங்கிச் சொல்கிறாள் – படிக்கத் தெரியவில்லையாம் அவளுக்கு!

நடந்தது இதுதான். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம். கணிப்பொறி வழியாகவே அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகே, தன் பெயரின் தலைப்பெழுத்துத் தவறாக விழுந்திருப்பதைக் கண்டாள். திருத்துவது எப்படி? வழிகாட்டும் கையேடு கையிலே இருந்தது. புரட்டினாள். அதிலே கண்ட வாக்கியம் இது:

"பதிவு செய்யப்பட்ட விவரங்களில் திருத்தம் மேற்கொள்ளப்பட வேண்டிய நேர்வில், ஏற்கெனவே சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம் ரத்து செய்யப்படாத பட்சத்தில் புதிய பதிவு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது."

மூன்று முறை படித்தாள். பின்னர் நானும் மூன்று முறை படித்தேன். பட்டம் பெற்ற எனக்கே அந்தச் சொற்காட்டிலே பாதை தெரிய நேரமாயிற்று. அவளோ திரையிலே எதையோ தொட்டாள். உடனே கேள்வியொன்று எழுந்தது: "விண்ணப்பத்தை ரத்து செய்யவா?" கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றிலே "சரி", மற்றொன்றிலே "ரத்து செய்".

எண்ணிப் பாருங்கள்! விண்ணப்பம் போய்விடக் கூடாதே என்று அஞ்சுகிற பெண், "ரத்து செய்" என்ற பொத்தானின் பக்கம் விரலைக் கொண்டுபோவாளா? மாட்டாள். "சரி" என்பதை அழுத்தினாள். விண்ணப்பம் மறைந்தது! அவள் அஞ்சி விலகிய பொத்தானே அவளைக் காக்கக் கூடியது. நம்பித் தொட்ட பொத்தானே அவளைக் கவிழ்த்தது. ரத்து செய்வதை ரத்து செய்வதற்குத்தான் "ரத்து செய்" என்று எழுதியிருந்தார்களாம்!

கெடு முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. மீண்டும் பதிந்தோம், உதவித்தொகை தப்பியது. தப்பியது தற்செயல். ஒரு நாள் பிந்தியிருந்தால் ஓராண்டுப் படிப்பே ஆட்டங்கண்டிருக்கும். ஆனால், அன்றிரவு என்னை உறங்கவிடாமல் செய்தது பணத்தைப் பற்றிய கவலையன்று. அவள் சொன்ன சொல். எழுதியவர் தவறினார், தவறியது தானே என்று படித்தவள் நம்பினாள். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம், வெட்கமோ, தண்டனை பெற்றவளுக்கே!

கணிப்பொறி அறைக்குள்ளேயே முடிந்துபோகும் சிறு செய்தியா இது? அறத்தைப் பற்றிய கேள்வி ஒன்று இதனுள்ளே இருக்கிறது. எழுதியது விளங்காதபோது, முயன்று விளங்கிக்கொள்ளும் கடமை படிப்பவருடையதா? முயன்று விளக்கும் கடமை எழுதுபவருடையதா?

"படிப்பவன்தான் முயல வேண்டும்" என்பதே நம்மிடையே நெடுங்காலமாக ஊறிப்போன விடை. வானளாவிய கோபுரங்கள் நிற்கும் ஊரிலே பிறந்து வளர்ந்தவன் நான். புரியாத மொழியிலே ஓதப்படுவதைப் பொருள் கேளாமல் கைகட்டி நின்று கேட்கும் பழக்கம் எங்கள் வீதிகளுக்குப் புதிதன்று. புரியாதது புனிதம், புரிந்துவிட்டால் மலிவு என்ற மருட்சி கோயிலோடு நின்றுவிடவில்லை. வழக்குமன்றத்துக்குப் போயிற்று, அலுவலகக் கோப்பிலே அமர்ந்தது, மருந்துச் சீட்டிலே ஏறியது, இன்று மென்பொருள் கையேட்டிலே குடிபுகுந்திருக்கிறது. இடம் மாறியது, இயல்பு மாறவில்லை.

ரோமாபுரி வரலாற்றிலே ஒரு நிகழ்ச்சி. கி.மு. 450-ஐ ஒட்டி, அந்நாட்டுச் சட்டத்தைப் பன்னிரண்டு பலகைகளிலே எழுதி, மக்கள் காண வைத்தனர். எளிய மக்கள் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால், சட்டம் தெரிந்தால் மட்டும் போதுமா? எந்த நாளிலே, எந்தச் சொற்களாலே வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற செய்முறை பூசாரிக் குழுவின் கைக்குள்ளேயே இருந்தது. சொல் ஒன்று பிசகினாலும் வழக்குத் தோற்றுப் போகும். தன் திராட்சைக் கொடிகளை வெட்டியவன்மீது ஒருவன் வழக்கிட்டானாம். "கொடி" என்று சொன்னதால் தோற்றானாம். சட்டப் பலகையிலே இருந்த சொல் "மரம்". ஆகவே "மரம்" என்றே சொல்லியிருக்க வேண்டுமாம்! காயஸ் என்னும் சட்ட அறிஞர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலே இதைப் பதிந்து வைத்தார்.

பூட்டிக் கிடந்த அந்தச் செய்முறைச் சொற்களைத் திரட்டி, ஊரறிய வெளியிட்டவர் நேயஸ் ஃப்ளேவியஸ். அவர் யார்? பெருங்குடிப் பிறந்தவரா? இல்லை, விடுதலை பெற்ற அடிமையின் மகன், எழுத்தராக வேலை பார்த்தவர். கி.மு. 304-இல் மக்கள் அவரை உயர் பதவியிலே அமர்த்தினர். கையேடு ஒன்றை வெளியிட்டதற்காக ஒருவரை வாழ்த்திய மக்கள் அவர்கள்! செய்முறை தெரியாதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே என்பதை, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்த மக்கள் உணர்ந்திருந்தனர்.

கணிப்பொறியும் அந்த ரோமாபுரி மன்றத்தைப் போன்றதே. ஓர் எழுத்துப் பிசகினாலும் ஏற்க மறுக்கும்; ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்பும். குடும்ப அட்டையும் பட்டாவும், பிறப்புச் சான்றும் தேர்வு முடிவும், இன்று அந்தத் திரையின் வழியாகத்தான் மக்கள் கைக்கு வருகின்றன. ஆகவே, மென்பொருளுக்கு விளங்கும்படி வழிகாட்டி எழுதுவதைச் சலுகை என்று எண்ணுவது பிழை. அது கதவின் சாவி. சாவியைக் கோணலாகச் செய்து கொடுத்துவிட்டு, "திறக்கத் தெரியாதவனுக்கு வீடு எதற்கு?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

"சொல்தானே! இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்பர் சிலர். அவர்களுக்கு மற்றொரு வரலாறு. கனடா நாட்டு அரசுக்குச் சொந்தமான அணுசக்தி நிறுவனம் செய்தளித்த பொறி தெராக்-25. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் பொறி அது. 1985-க்கும் 1987-க்கும் இடையே, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகள்மீது அளவுக்கு மிஞ்சிய கதிரைப் பாய்ச்சியது; சிலர் மாண்டனர். 1986 மார்ச் மாதம், டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகர மருத்துவமனையிலே நடந்ததைக் கேளுங்கள். இயங்கிக்கொண்டிருந்த பொறி நின்றது. திரையிலே தோன்றியது "பழுது 54". அவ்வளவே! என்ன பழுது? அற்பமானதா, ஆபத்தானதா? இயக்குபவருக்குத் தந்த கையேட்டிலே விளக்கமில்லை. இத்தகைய எண்களை அடிக்கடி கண்டு சலித்துப் போயிருந்த அந்தப் பணியாளர், தொடர்வதற்கான விசையை அழுத்தினார். நோயாளிமீது மீண்டும் கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார்.

மூலக் குற்றம் நிரலிலே இருந்தது. பழைய பொறிகளிலே இருந்த பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கிவிட்டு நிரலை மட்டுமே நம்பியதிலே இருந்தது. மறுக்கவில்லை. ஆயினும், "பாய்ந்த கதிரின் அளவு கூடியோ குறைந்தோ போயிருக்கலாம்" என்பதே அந்த எண்ணுக்கு உரிய பொருள். அந்த ஒரு வரி கையேட்டிலே இருந்திருந்தால், விசையின்மேல் வைத்த விரல் சற்றே தயங்கியிருக்குமே! எழுதப்படாத ஒரு வரியின் விலையைப் பார்த்தீர்களா?

இதற்கு நேர்மாறான ஒரு நல்ல வழக்கமும் கணிப்பொறி உலகிலே உண்டு. 1971 நவம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்துக்குக் கையேடு வெளியிட்டனர். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு விளக்கம்: பெயர் என்ன, எழுதுவது எப்படி, என்ன செய்யும் என்ற தலைப்புகள். அவற்றோடு மேலும் ஒரு தலைப்பு – "பிழைகள்". தாம் செய்த கருவியிலே தமக்குத் தெரிந்த குறைகளைத் தாமே எழுதி வைத்தனர். தம் சரக்கின் ஓட்டையைத் தாமே சுட்டிக்காட்டும் வணிகரைக் கண்டதுண்டா? தெளிவாக எழுதுவதற்கு முதல் தேவை சொல்வளம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இதை அறிந்த பின்னரே உணர்ந்தேன் – முதல் தேவை நேர்மை. மறைக்க ஒன்றுமில்லாதவருக்குச் சொல் தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

இனி, நம் தமிழுக்கு வருவோம். தமிழிலே தெளிவாக எழுதுவது எப்படி என்று அயலாரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தியார் தம் நன்னூலிலே நூலுக்கு ஆகாத குற்றம் பத்து என்றும், அழகு பத்து என்றும் வகுத்தார். மயங்க வைத்தல் குற்றம். மாறுகொளக் கூறல் குற்றம். விளங்க வைத்தல் அழகு. இலக்கண வகுப்பிலே இவற்றை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் போடுகிறோம். வகுப்புக்கு வெளியே வந்ததும் அந்தக் குற்றங்களையே கூசாமல் செய்கிறோம்.

என் மாணவியைத் தடுக்கிவிட்ட அந்த வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். "செய்யப்பட்ட", "மேற்கொள்ளப்பட", "சமர்ப்பிக்கப்பட்ட", "செய்யப்படாத", "ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" – ஐந்து வினைகள், செய்பவர் ஒருவருமில்லை! யார் பதிந்தது? யார் ரத்து செய்வது? யார் ஏற்காதது? படுபொருளிலேயே பேசும் இந்த நடை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் அலுவலகத்தார்க்கு வசதியாக இருக்கலாம். வழி கேட்டு நிற்பவருக்கு அது உதவாது. "நீங்கள் செய்யுங்கள்" என்றோ, "இந்த மென்பொருள் செய்யும்" என்றோ எழுதினால், யார் எதைச் செய்வதென்று அந்த நொடியே விளங்கிவிடுமே!

அடுத்தது, ஒரு பொருளுக்கு ஒரு சொல். ஒரே கையேட்டிலே மேல் வரியில் "பதிவிறக்கம்", கீழ் வரியில் "தரவிறக்கம்". முன் பக்கத்திலே "கோப்புறை", பின் பக்கத்திலே "அடைவு". கவிதையிலே சொல்லை மாற்றி மாற்றி அடுக்கினால் அணி. கையேட்டிலே அடுக்கினால் பிணி! இரண்டு சொல் கண்டவர் இரண்டு பொருள் இருப்பதாக எண்ணித் தேடுவார். எந்தச் சொல் சிறந்தது என்று மாநாடு கூட்டி வாதாடலாம், தவறில்லை. ஆனால் ஒரு நூலுக்குள்ளே ஒன்றைத்தான் ஆள வேண்டும்.

மூன்றாவது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற தெளிவு. பொத்தானிலே "சேமி" என்று இருக்கிறது. மரியாதையில்லையே என்று சிலர் அதைச் "சேமிக்கவும்" என்று மாற்றுகின்றனர். பொத்தானிலே பேசுவது நாம், கேட்பது பொறி. பொறிக்கு நாம் இடும் கட்டளை "சேமி". கையேட்டிலே பேசுவது எழுதியவர், கேட்பது நாம். அங்கே "சேமியுங்கள்" என்பதே முறை. நம் மொழியிலே ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே மானம் குடியிருக்கிறது. ஆகவே, இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதினால் பொருளும் கெடும், மதிப்பும் கெடும்.

நான்காவது, தமிழ் வாக்கியத்தின் அமைப்பையே சார்ந்தது. நம் மொழியிலே வினை இறுதியில் நிற்கும். மறுப்பும் இறுதியிலேதான் வரும். "பட்டியலின் கீழே உள்ள சிவப்புப் பொத்தானைப் பணி முடியும் முன் அழுத்த வேண்டாம்" என்று எழுதினால், "பொத்தானை" என்ற இடத்திலேயே விரல் புறப்பட்டுவிடும். "வேண்டாம்" வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும்! எச்சரிக்கையானால் "எச்சரிக்கை" என்று முதலிலே சொல், பிறகு காரணம் சொல், வாக்கியத்தைக் குறுக்கு. இது மொழியின் குறையன்று. மொழியின் நடை அறியாமல் பிறமொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுபவரின் குறை.

இத்தனையும் அறிந்தவன் என்ற இறுமாப்போடு, அந்தக் கையேட்டின் பக்கத்தை நான் திருத்தி எழுதினேன். "தவறு நேர்ந்துவிட்டதா? அஞ்ச வேண்டாம். முதலில், பழைய விண்ணப்பத்தை நீக்குங்கள். அடுத்து, புதிதாக எழுதி அனுப்புங்கள். நீக்கிய விண்ணப்பம் திரும்ப வராது. ஆகவே, நீக்கும் முன் படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்." நல்ல தமிழ், சிறு வாக்கியம், செய்பவர் உண்டு, ஒரு பொருளுக்கு ஒரு சொல். பெருமிதத்தோடு அந்த மாணவியிடமே கொடுத்தேன். படித்தாள். ஒரு விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். நிமிர்ந்தாள்.

"படி எடுக்கணும்னு கடைசி வரியில சொல்றீங்க, சார். நான் மேல் வரியிலயே நீக்கிட்டேனே!"

என் முகம் சிவந்தது; மனம் மகிழ்ந்தது. "படிக்கத் தெரியல" என்று அழுத பெண்ணே எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாள்! அன்று தெரிந்துகொண்டேன்: எழுதியது விளங்குகிறதா என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி எழுதியவர் அல்லர், படிப்பவர். அதிலும், அப்பொருளை முதன்முதலாகப் படிப்பவர். அறிந்தவருக்கு அறியாமையின் வலி மறந்துபோகிறது. ஏணியில் ஏறி முடித்தவருக்கு, எந்தப் படி முறிந்திருக்கிறது என்பது நினைவிலிருப்பதில்லை. இப்போது ஏறிக்கொண்டிருப்பவரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.

அறிவுக்கு விளங்கினால் மட்டும் போதுமா? மானத்துக்கும் இடம் வேண்டும். கையேடுகளிலே அடிக்கடி வரும் ஒரு சொல் "எளிது". "இதை மிக எளிதாகச் செய்துவிடலாம்" என்பார்கள். செய்ய முடியாமல் திணறுபவர் அந்தச் சொல்லைப் படிக்கும்போது என்ன எண்ணுவார்? "எல்லார்க்கும் எளிதானது எனக்கு மட்டும் வரவில்லையே, என் அறிவுதான் குறை" என்று குன்றிப் போவார். ஊக்கம் தரவந்த சொல் உள்ளத்தைக் குத்துகிறது. இதை உணர்ந்தே கூகுள் நிறுவனத்தின் கையேட்டு நடைமுறை நூலும் இத்தகைய சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது.

இன்னொரு சொல்லிணையையும் கேளுங்கள். ஒரு கணிப்பொறி கட்டளையிட, மற்றவை அதன் வழி நடக்கும் அமைப்புக்குக் கணிப்பொறித் துறையார் நெடுங்காலம் வழங்கிவந்த பெயர் – ஆண்டான், அடிமை! மனிதனை மனிதன் விற்ற கொடுமையின் சொற்களை, கூச்சமின்றிக் கருவிக்குச் சூட்டினர். 2014-இல் ஜாங்கோ என்னும் மென்பொருளின் கையேட்டிலிருந்து அச்சொற்களை நீக்கினர். 2018-இல் பைத்தான் மொழியினர் நீக்கினர். 2020-இல் கிட்ஹப் நிறுவனம், புதிய பணித்திட்டங்களிலே முதற் கிளைக்கு "ஆண்டான்" என்று பொருள்படும் பெயரை விட்டு, "முதன்மை" என்று பொருள்படும் பெயரை இட்டது. அதே பைத்தானைத்தான் நம் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாடநூலிலே பயில்கின்றனர். "சொல்லை மாற்றினால் உலகம் மாறுமோ?" என்று எள்ளியவர் அங்கும் உண்டு. ஆனால் பாருங்கள் – "ஆண்டான், அடிமை" என்றபோது எது என்ன செய்கிறது என்றே விளங்கவில்லை. "மூலம், படி" என்றபோது, ஒன்றிலுள்ளதை மற்றொன்று படியெடுத்து வைத்திருக்கிறது என்பது உடனே விளங்கிவிட்டது. மானமுள்ள சொல்லே தெளிவான சொல்லாகவும் இருந்தது!

மறுப்புரைகள் வரும். வரட்டும், விடை இருக்கிறது.

"நுட்பமான பொருளை எளிய சொல்லிலே சொன்னால் நுட்பம் போய்விடும்" என்பது ஒன்று. கலைச்சொல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. கலைச்சொல் ஒன்று வந்தால், அதை ஒருமுறை விளக்கிவிட்டு ஆளுங்கள். விளங்காமைக்குக் காரணம் பெரும்பாலும் கலைச்சொல் அன்று. அதைச் சுற்றிக் கட்டிய முள்வேலி. "ரத்து செய்யப்படாத பட்சத்தில்" என்பதிலே என்ன நுட்பம் இருக்கிறது?

"தமிழுக்கு இதெல்லாம் வராது, ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்" என்பது மற்றொன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவருக்கு வந்த தமிழ், இங்கே பிறந்தவருக்கு வராதா? எழுத்தையே எளிமையாக்கிய மொழியல்லவா நம்முடையது! ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய கொம்பு வடிவங்களை மாற்றி, 1935-இல் பெரியார் தம் குடியரசு ஏட்டிலே அச்சிட்டார். சிரித்தவர்கள் இருந்தனர். 1978-இல் அரசாணை வந்தது. இன்று சிரித்தவர் பேரப்பிள்ளைகளும் அந்த எழுத்திலேதான் எழுதுகின்றனர். கற்பவரின் சுமையைக் குறைக்க எழுத்தையே மாற்றினோம். வாக்கியத்தை மாற்றத் தயங்குவானேன்?

மூன்றாவது மறுப்பே கடினமானது. எனக்கு நானே கூறிக்கொண்ட மறுப்பு அது. மென்பொருள்களிலே பல, கட்டற்ற மென்பொருள்கள். கூலி பெறாமல், தம் ஓய்வு நேரத்திலே, உலகின் ஏதோ ஒரு மூலையிலிருந்து எவரோ எழுதித் தந்த கொடை. தமிழிலும் அப்படியே. 2012 முதல் "கணியம்" என்னும் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலே எழுதி, எவரும் பகிரலாம் என்ற உரிமையோடு வழங்குகிறது. து. நித்யா எழுதிய "எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்" போன்ற நூல்களை அது விலையின்றித் தந்திருக்கிறது. அங்கே "எளிய" என்பது எழுதுபவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டளை. படிப்பவர் தலையிலே வைத்த சுமையன்று. எங்கள் அண்டை மாவட்டத்திலே, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊர்ப்புறத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கிறது. இத்தகைய தொண்டர்களிடம் போய், "உன் வாக்கியம் விளங்கவில்லை, நீ குற்றவாளி" என்று சொல்லலாமா? இலவசமாகச் சோறிட்டவரிடம் உப்பில்லை என்று சண்டைக்குப் போவதா?

போகக் கூடாது. ஆனால், உப்பை எடுத்துப் போடலாமே!

இங்கேதான் கட்டற்ற மென்பொருளின் உயர்ந்த கருத்து வெளிப்படுகிறது. மென்பொருள் மட்டுமன்றி அதன் கையேடும் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்று வாதாடினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். அவர் தொடங்கிய இயக்கம், கையேடுகளுக்கென்றே ஓர் உரிமத்தை 2000-ஆம் ஆண்டிலே வெளியிட்டது. அந்த உரிமத்தின்படி, கையேட்டை எவரும் படியெடுக்கலாம்; எவரும் திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். அச்சு நூலிலே தடுக்கி விழுந்தவர் ஓரத்திலே கோடு போட்டுவிட்டு வாளாவிருந்தார். இன்று தடுக்கி விழுந்தவரே கல்லைப் பெயர்த்தெடுக்க முடியும்.

முடியும் என்று ஆனதுமே கடமையும் வந்துவிடுகிறது, தோழர்களே! நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். விளங்காத எழுத்துக்கு முதற் பொறுப்பு எழுதியவருடையது, ஐயமில்லை. ஆனால், அந்த வாக்கியத்தோடு போராடி, பொருளை ஒருவாறு கண்டுபிடித்து, நம் வேலையை முடித்துக்கொண்டு, "அப்பாடா!" என்று எழுந்து போகிறோமே – அந்த நொடியிலே பொறுப்பு நம் கைக்கு மாறிவிடுகிறது. எங்கே தடுக்கியது என்று நமக்கு நன்றாகத் தெரியும்; வலி இன்னும் ஆறவில்லை; நாளை அந்த நினைவும் மறைந்துவிடும். அதற்குள் திருத்தாமல் போனால், நமக்குப் பின்னே வந்து விழுபவரின் காயத்திலே நமக்கும் பங்குண்டு. அறிந்தவர் கூட்டத்திலே சேர்ந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியிலே, வெளியே நிற்பவரை மறப்பதுதான் புதிய பூசாரித்தனம். பூணூல் வேண்டியதில்லை அதற்கு. கொஞ்சம் மறதி போதும்!

கல்லூரி இளைஞர்களே! பெரும் புரட்சிக்குக் காத்திராதீர்கள். ஒரு மென்பொருளைக் கற்கிறீர்களா? விளங்காத ஒரு வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் தெரிந்ததும் அதைத் திருத்தி எழுதுங்கள். அப்பொருளை அறியாத ஒருவரிடம் – தங்கையிடம், தாயிடம், தறி நெய்யும் அண்டை வீட்டுக்காரரிடம் – படிக்கக் கொடுங்கள். அவர் நெற்றி சுருங்கினால் மீண்டும் எழுதுங்கள். பிறகு, உரியவர்களுக்கு அனுப்புங்கள். ஏற்றால் நன்று, ஏற்காவிட்டால் காரணம் கேளுங்கள். ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம்! ஆயிரம் பேர் ஆளுக்கொன்று திருத்தினால் ஆயிரம் கற்கள் பாதையைவிட்டு அகலும்.

திங்கள்தோறும் முழுநிலா நாளிலே, எங்கள் ஊர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மக்கள் நடக்கின்றனர். நடந்தால் வினை தீருமா என்பது வேறு வழக்கு. அதை இங்கே எடுக்கவில்லை. ஆனால், அந்தக் கூட்டத்திலே ஒரு காட்சி கண்டிருக்கிறேன். முள் தைத்த முதியவர் ஒருவர் ஓரமாக அமர்ந்தார். முள்ளைப் பிடுங்கினார். பிடுங்கியதைப் பாதையிலே போட்டுவிட்டுப் போகவில்லை. எழுந்து நொண்டியபடியே சென்று, வேலிக்கு அப்பால் எறிந்தார். பின்னால் வருபவர் யாரென்று அவருக்குத் தெரியாது. எந்தச் சாதி, எந்த ஊர் என்று அவர் கேட்கவுமில்லை.

அந்தக் கை போதும் நமக்கு. என் மாணவியின் கை இப்போது அந்த வேலையிலேதான் இருக்கிறது. கணிப்பொறி அறைச் சுவரிலே நாங்கள் ஒட்டியுள்ள தாளிலே முதல் வரி அவள் எழுதியது: "முதலில் படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்."

இந்த ஆண்டு அந்தத் தாளைப் பார்த்து விண்ணப்பித்த பிள்ளைகளில் ஒருவர்கூட, தமக்குப் படிக்கத் தெரியவில்லை என்று என்னிடம் வந்து சொல்லவில்லை.